நாற்பத்திரண்டு கிராம்

பெட்டி தோஹாவில் இருந்து வந்தது,
மச்சாளின் உடுப்புகளுக்கும் பால்மாவுக்கும் நடுவில்.
எண்ணிப் பார்த்தேன். நூற்றிப் பதினெட்டுத் துண்டு.
பட்டியலில் நூற்றிப் பத்தொன்பது.
இல்லாதது இடப்பக்கத் தாங்குகால்.
கறல் பிடித்த குடையொன்றின் கம்பியை முறித்து
அளவுக்கு அராவினேன்.

பகல் முழுக்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில்
காலை ஒண்டு இரவு ஒண்டு சாப்பாட்டுக்குப் பிறகு
என்று ஊருக்கு அளந்து கொடுப்பவள்.
இரவில் பல்சா மரம்,
விரலோடு விரலை ஒட்டிவிடும் பசை,
மேல்சிறகுக்குப் பதினாறு விலா,
கீழ்ச்சிறகுக்குப் பதினான்கு.
சிவப்புத் தாளை அயன் பண்ணப் பண்ண
அது சுருங்கித் தோலாக இறுகியது.
ஒரேயொரு மடிப்பு மட்டும்
போகமாட்டன் என்று கிடந்தது.
கிடக்கட்டும் என்று விட்டேன்.

கடை பூட்டிவிட்டு ஏறாவூரில் இருந்து இம்தாத் வந்தான்,
போன் திருத்திய விரல்களில் ஈயப் புகை மணக்க.
"ரெண்டு செறகு என்னத்துக்கு? ஒண்டு காணாதா?"
"மெதுவாப் பறக்க."
கொஞ்சநேரம் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"எங்கட பக்கம் வந்ததெல்லாம்
கெதியாத்தான் வந்து போனது," என்றான்.
மறுகா ஒன்றும் பேசாமல் பற்ற வைத்தான்.

மேல்சிறகின் முன்விளிம்பில் இருந்து
எழுபத்தி நான்கு மில்லிமீட்டர்.
அங்கே பென்சில் புள்ளி.
விசிறியைக் கழற்றி, அந்தக் கொளுக்கியில் நூல் கட்டி,
வேர்க்க வேர்க்கத் தொங்கவிட்டோம்.
வால் விழுந்தது,
கலியாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவன்
கதிரையில் சாய்வதைப் போல.
பற்றரியை முன்னுக்குத் தள்ளினோம்.
இன்னும் தள்ளினோம். அதற்கங்கால் மோட்டர்.
வால் விழுந்தே கிடந்தது.

நாவலடியில் கதிராமன் அண்ணன்
வீச்சுவலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.
"என்ன மீனுக்குகா?"
"மீனுக்கில்ல அண்ண. பிளேன் ஏத்த."
தலை நிமிராமலே சொன்னார்:
"நான் இத வாங்குறது தாழ்க்க."
ஏழு குண்டு. நூற்றைம்பது ரூபாவை
எண்ணி வாங்கினார்.

சின்னத் தராசில் போட்டேன்:
நாற்பத்திரண்டு கிராம்.
மோட்டருக்குக் கீழே ஒட்டினோம்.
வால் எழும்பியது,
எழும்பி, மட்டமாக நின்றது.
என் மூச்சுக் காற்றுக்கு ஆடியது.
பிறகுதான் தெரிந்தது, இடப்பக்கம் சரிவு.
குடைக்கம்பியின் வேலை.
வலக் கீழ்ச்சிறகின் நுனியில்
ஒற்றைத் திருகாணி வைத்தேன்.

மாசி. வாடை எழும்ப முதல் வெளிக்கிட்டோம்.
வலையிறவுப் பாலத்தடியில் பொலிஸ் மறித்தது.
"ட்ரோன்?"
"இல்ல சேர்." அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.
கடிதத்தை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார் சார்ஜன்ட்.
இரண்டு சுட்டுவிரலை மேல்சிறகின் அடியில் கொடுத்துத்
தூக்கினார், யாரும் சொல்லாமலே
புள்ளிக்கு நேரே.
மட்டமாக நின்றது.
பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தும்
அவர் அசையவில்லை.
"ஹரி," என்றார் கடைசியில், "யன்ன."

வவுணதீவில் அறுத்த வயல், ஈரம் காயாத ஒட்டு.
இம்தாத் தூக்கிக்கொண்டு ஓடினான்,
ஒரு செருப்பு வரம்பில் கழன்றது,
எறிந்தான்.
தாழ்ந்தது.
என் பெருவிரல் றிமோட்டில் மரத்துப்போக
வைக்கோல் உயரத்தில் ஒருகணம் யோசித்து
ஏறியது.

எருமைகள் கவனிக்கவில்லை.
தூரத்து வயலில் அறுவடை மெசின்காரன்
எஞ்சினை நிற்பாட்டிவிட்டு
வானத்தையல்ல, எங்களைப் பார்த்தான்.
நான்கு நிமிடம், இடப்பக்கமாக ஐந்து வட்டம்.
அந்த மடிப்பில் வெயில் பட்டு
ஒவ்வொரு சுற்றிலும் ஒருதரம் மின்னியது.

இறக்கும்போது சில்லு ஒட்டில் தடக்கி
மூக்குக் குத்தி நின்றது.
காற்றாடி இரண்டு துண்டு.
மூன்று இரவு எங்களைப் படுத்திய வால்
இப்போது நேரே மேலே,
இறக்கச் சொன்னாலும் இறங்காத மாதிரி.

ஒற்றைச் செருப்போடு வந்த இம்தாத்
குனிந்து பார்த்தான்.
"ஒரு குண்டு
கூடிப்போச்சு போல," என்றான்.